எதிர்ப்பு நலத் திட்டத்தின் கீழ் ஒரு குழி

குழிக்கு மூடி இல்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. குழியைத் தோண்டிய துறை அதை ஒப்புக்கொண்டது. மூடி போடவேண்டிய துறையும் ஒப்புக்கொண்டது. இரண்டையும் மேற்பார்வை பார்க்கவேண்டிய மூன்றாவது துறை ஓர் ஆளை அனுப்பி, குழிக்குள் எட்டிப் பார்த்து, மூடி இல்லாதது உண்மைதான் என்று உறுதி செய்தது. இந்த நாட்டில் வேறு எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில் உள்ளே திரும்பி, கல்யாண மண்டபத்தைத் தாண்டினால் அமுதவல்லி நகர் விரிவு. விரிவு என்று பெயர் வைத்ததோடு சரி, அதற்கப்புறம் எதுவும் விரியவில்லை. தண்ணீர்க் குழாய் மண்டபத்தோடு நின்றுவிட்டது. தெருவிளக்கும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. மழைநீர் வடிகால் மட்டும் உள்ளே வரை வரும் என்றார்கள். தெருமுனையில் ஆள் உயரத்துக்குமேல் ஆழமாக ஒரு குழி தோண்டினார்கள். பிறகு வடிகால் வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. குழி இங்கேயே தங்கிவிட்டது.

சென்ற ஐப்பசி மழையில், தெருவும் குழியும் ஒரே தண்ணீராய்த் தெரிந்த ஒரு சாயங்காலம், மாளவிகா ஸ்கூட்டரோடு அதற்குள் போனாள். மறுநாள் வண்டியைத் தூக்கினார்கள். மெக்கானிக் தண்ணீரை வடித்து, ப்ளக்கைத் துடைத்து, ஒரு உதை உதைத்தான். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஷ்யாம்சுந்தர் அவள் கணவன். பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவன். அவனுக்கு நஷ்டஈடு வேண்டாம், விசாரணை வேண்டாம், யாரும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். குழிக்கு ஒரு மூடி வேண்டும். தினமும் காலேஜ் பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது.

முதலில் அவனே ஒரு கடப்பைக்கல் வாங்கி வந்து போட்டான். இரண்டு நாள் கழித்துக் கல் காணவில்லை. முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் காமுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு பேரு ஜீப்புல வந்தானுங்கோ சார். இது யாரு போட்ட கல்லுன்னாங்க. நம்ம சாருதான் போட்டாருன்னேன். கவுருமெண்டு குயி மேல பிரைவேட்டு கல்லு போடக்கூடாதாம். ஆக்கிரமிப்பாம். எட்துகினு பூட்டானுங்கோ."

"கல்லையா?"

"பின்ன, குயியவா எட்துகினு போவானுங்கோ?"

அடுத்து நலச்சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றான். சங்கத் தலைவர் யக்ஞநாராயணன் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் முழுமையாகத் தெரியப்படுத்தப்படவில்லை என்பதுபோல் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார்.

"மெயின் ரோட்ல உட்காரலாம் சார்," என்றான் ஷ்யாம். "எல்லாரும் சேர்ந்து. மூடி போடற வரைக்கும்."

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அநியாயம், அக்கிரமம் என்று நாலா பக்கமும் குரல் வந்தது. என்றைக்கு உட்காருவது என்று கேட்டபோதுதான் ஒவ்வொருவருக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் பட்டா மாறுதல் தாசில்தார் மேஜையில் இருந்தது. ஒருவர் மகளுக்கு அரசு கல்வி உதவித்தொகை இன்னும் வரவில்லை. ஒருவர் மாடியில் இன்னொரு மாடி கட்டிக்கொண்டிருந்தார், அது எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு அம்மாளுக்கு மாதாமாதம் வங்கியில் வந்து விழும் உரிமைத்தொகை இந்த மாதம் ஏனோ விழவில்லை, கேட்டிருக்கிறார்.

"எனக்கும் கொதிக்கறதுப்பா," என்றார் யக்ஞநாராயணன். "ஆனா பென்ஷன் அரியர்ஸ் ஒண்ணு பெண்டிங். அரசாங்கத்தோட மோதறதுல தப்பே இல்லை. இந்த மாசம் வேண்டாம்னுதான் சொல்றேன்."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசம் உயிர்ச் சான்றிதழ் குடுக்கணும்."

எதிர்வீட்டு ஷம்சாத் மட்டும் எழுந்தாள். மாளவிகாவின் தோழி. அவள் கணவர் அத்தாவுல்லா ஏ.சி. மெக்கானிக். "நான் வர்றேன் தம்பி. நாம ரெண்டு பேரும் உட்காருவோம்," என்றாள். ரோடு அகலமாக இருந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் பஸ் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அப்போதுதான் யக்ஞநாராயணனுக்கு அந்தத் திட்டம் நினைவுக்கு வந்தது. எங்கோ படித்தாராம். குடிமக்கள் எதிர்ப்பு நலத் திட்டம். எதிர்க்க விரும்பியும் வசதியில்லாத மக்களுக்கு அரசே எதிர்ப்பை ஏற்பாடு செய்து கொடுக்கிறது.

*

எதிர்ப்பு நல அலுவலகம் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. படியேறும் இடத்தில் செருப்பை விடச் சொல்லி எழுதியிருந்தது. ஷ்யாமும் யக்ஞநாராயணனும் வெறுங்காலோடு போய் நின்றார்கள். அலுவலரின் பெயர் சந்திரிகா. நெற்றியில் சந்தனம், மேஜையில் மணி பிளான்ட், குரலில் பிரசவ வார்டு நர்ஸின் கனிவு.

"உட்காருங்க சார். பதட்டப்படாதீங்க. முதல் எதிர்ப்பா?"

"ஆமா."

"அப்படித்தான் இருக்கும். ரெண்டாவது தடவை பழகிடும். எதிர்ப்பா, கண்டனமா, முற்றுகையா?"

ஷ்யாமுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "புரட்சின்னு ஏதாவது..." என்று இழுத்தான். அவன் அதைக் கேலியாகத்தான் கேட்டான். அவனிடம் கேலி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அது ஹெட் ஆபீஸ்ல சார். அங்கயும் அந்த சீட் காலியா இருக்கு. எதிர்ப்பே போட்டுடலாம், சீக்கிரம் கிடைக்கும். ரேஷன் கார்டு இருக்கா?"

"இருக்கு."

"அரிசி கார்டா, சர்க்கரை கார்டா?"

"அரிசி."

"ரொம்ப நல்லது. ஏதாவது ஒண்ணு வாங்கறவங்கதான் சார் எதிர்க்க முடியும். ஒண்ணுமே வாங்காதவர் எதிர்த்தார்னா அதுல உள்நோக்கம் இருக்குன்னு ஆயிடும்."

"வாங்கறவங்க எதிர்ப்பாங்களா மேடம்?"

சந்திரிகா மலர்ந்து சிரித்தாள். "அதான் சார் இந்தத் திட்டத்தோட அழகே."

முழக்கம் என்ன என்று கேட்டாள். குழியை உடனே மூடு என்றான் ஷ்யாம். "உடனே வேணாம் சார். உடனேன்னா காலக்கெடு ஆயிடும். 'ஒழிக'வும் எடுத்துட்டோம், நிறைய பேருக்கு மனசு கஷ்டமாயிடுது. 'குழியை மூடு'ன்னு மட்டும் வச்சுக்கலாம். நச்சுனு இருக்கு."

பிறகு அரசு என்னென்ன தரும் என்று விரல்விட்டு எண்ணினாள். ஷாமியானா, நாற்காலி, மைக், மோர், நடமாடும் கழிப்பறை, முதலுதவிக்கு ஒரு நர்ஸ், குடிதண்ணீர் லாரி. எதிர்க்கிறவர்கள் மயங்கி விழுந்தால் அரசுக்குத்தானே கெட்ட பெயர்.

அதுவரை பேசாமல் இருந்த யக்ஞநாராயணன் தொண்டையைச் செருமினார்.

"லாரின்னேளே... முழு லாரியா?"

"முழு லாரி சார்."

"எதிர்க்கறவா குடிச்சது போக மீதி?"

"மீதியைத் திருப்பிக் கொண்டு போற வழக்கம் இல்ல சார்."

யக்ஞநாராயணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஷ்யாம் அதைக் கவனிக்கவில்லை. அவன் மூடியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான்.

*

அந்தச் சனிக்கிழமை காலையில் ஷ்யாம் வீட்டைவிட்டு வெளியே வந்தபோது தெரு நிறைந்திருந்தது. பட்டாக்காரர் வந்திருந்தார், இரண்டாம் மாடிக்காரர் வந்திருந்தார், உரிமைத்தொகை அம்மாள் மருமகளோடு வந்திருந்தார். மாளவிகாவின் சாவுக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லை. மனிதர்களைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நினைத்தான்.

பிறகுதான் குடங்களைப் பார்த்தான். பச்சை, நீலம், ஆரஞ்சு. சிலர் டிரம்மை உருட்டிக்கொண்டே வந்தார்கள். விரிவுக்கு வழக்கமாக வரும் தண்ணீர் லாரி நின்று பல வாரமாகியிருந்தது. தனியார் லாரிக்காரன் சொல்கிற விலைக்குப் பாலிலேயே குளித்துவிடலாம்.

எதிர்ப்பு நலத் துறையின் இணை இயக்குநர் ஸ்ரீரங்கன் நேரில் வந்திருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை. ஷ்யாமின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "எதிர்ப்புக்கு வாழ்த்துகள்," என்றார். மைக்கை முதலில் ஷ்யாமிடம்தான் கொடுத்தார்கள். அவன் மனைவியின் பெயரைச் சொன்னான். அடுத்த வார்த்தை வருவதற்குள் லாரி திரும்பி உள்ளே நுழைந்தது. நாற்காலிகள் மொத்தமும் ஒரே நேரத்தில் காலியாயின. லாரியின் இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்காததால், மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இயக்குநர் பழகியவர். எல்லோரும் பிடித்து முடிக்கும்வரை மோர் குடித்துக் காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"அமுதவல்லி நகர் விரிவின் எதிர்ப்பாளப் பெருமக்களே! உங்களால் எதிர்க்கப்படுவதில் எங்கள் துறை பெருமை கொள்கிறது. அந்தக் காலத்தில் மக்கள் வெயிலில் நின்று எதிர்த்தார்கள். தடியடி பட்டார்கள். சிறைக்குப் போனார்கள். இன்றைக்கு? நிழல், நாற்காலி, மோர். இது யாருடைய சாதனை என்று நான் சொல்லத் தேவையில்லை."

கைதட்டல்.

"சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மக்கள் அரசை எதிர்த்துப் பொங்கி எழுந்தால் என்ன செய்வீர்கள் என்று. நான் சொன்னேன், எழட்டும். எழுந்து எதில் ஏறி வருவார்கள்? நம் பஸ்ஸில். பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. வருகிற வழியில் தாகம் எடுத்தால் யார் தண்ணீர்? நம் தண்ணீர். புரட்சி முடிந்து வீட்டுக்குப் போனால் குக்கரில் யார் பருப்பு? நம் பருப்பு! உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் பெரியவர்கள். நாங்கள் உப்பு மட்டுமா இடுகிறோம், பாமாயிலும் அல்லவா இடுகிறோம்!"

மறுபடி கைதட்டல். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, கூட்டத்தோடு சேர்ந்து தட்டினார்.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று முழக்கம் போட்டார்கள். இடுப்பில் நிறைகுடத்தோடு, தளும்பிவிடாதபடி, "குழியை மூடு! குழியை மூடு!" என்றார்கள். கேட்க நன்றாகவே இருந்தது.

"கோரிக்கை பரிசீலனையில் சேர்ந்துடுச்சு சார்," என்று சந்திரிகா ஷ்யாமிடம் சொன்னாள். "பரிசீலனை முடியற வரைக்கும் வாராவாரம் எதிர்க்கலாம்."

"வாராவாரமா?" என்று கேட்டது ஷ்யாம் இல்லை. யக்ஞநாராயணன். அவர் முகத்தில் பென்ஷன் அரியர்ஸ் வந்தவன் களை.

*

விரிவு எதிர்க்கப் பழகியது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே செங்கல்லும் பழைய செருப்பும் வரிசையில் இடம் பிடித்தன. எதிர்ப்பில் யார் முன்னால் நிற்பது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உடம்பு சரியில்லாதவர்கள் தங்கள் சார்பில் எதிர்க்க வேலைக்காரியை அனுப்பினார்கள். வெளியூர் மாப்பிள்ளைகள் சனிக்கிழமை வந்து குளித்தார்கள்.

ஷம்சாத்தின் மகள் அனம் பிரசவத்துக்கு வந்தவள், பெண் குழந்தை பெற்றாள். குழந்தையின் முதல் தலைக்குளியல் எதிர்ப்புத் தண்ணீரில் நடந்தது.

பக்கத்து நகர்க்காரர்கள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களிடம் குழி இல்லை. சந்திரிகாவிடம் போய்க் கேட்டார்கள். எதிர்ப்புக்குக் காரணம் வேண்டும் என்றாள். அவர்கள் பணம் போட்டு, பொக்லைன் வைத்து, விரிவின் குழியைவிட ஆழமாக ஒன்று தோண்டினார்கள். ஆய்வுக்கு வந்த அலுவலர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்தார். மக்களே தோண்டிய குழி செல்லாது. அரசின் அலட்சியத்தால் உண்டானதாக இருக்க வேண்டும். அவர்கள் குழியை அவர்களே மறுபடி மண் போட்டு மூட வேண்டியதாயிற்று. அந்தக் குழி ஒரே வாரத்தில் மூடப்பட்டதை ஷ்யாம் பஸ்ஸிலிருந்து பார்த்தான்.

காரணம் அழிந்துவிடக் கூடாதென்று துறை விரிவின் குழியைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டது. பிளெக்ஸ் வைத்தது. அதில் இயக்குநர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டபடி நின்றார். கீழ் மூலையில், கைக்குட்டை அளவில், மாளவிகா. வாட்ஸ்அப்பிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த படம். வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் எடுத்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் ஒரு கை இருந்தது. கைக்கு உரியவனை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஷ்யாம் சனிக்கிழமைதோறும் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான். முதன்மை எதிர்ப்பாளர் என்று சட்டையில் ஒரு ரோஜா குத்தினார்கள். அவன் எதையும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் ஒவ்வொரு வாரமும் நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டு, நார்மல் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஒரு புதன்கிழமை, யாரும் எதிர்பாராதது நடந்தது. மூடி வந்துவிட்டது.

சின்ன லாரியில் வந்தது. கம்பி கட்டிய கான்கிரீட் மூடி. நாலு ஆள் கூடி இறக்கி, குழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். வெயிலில் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. ஷ்யாம் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. அவன் சந்திரிகாவுக்குப் போன் செய்தான்.

"பார்த்தீங்களா சார், அரசு ஜெயிக்க விட்டுடுச்சு உங்களை," என்றாள் அவள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "ஒரே ஒரு நடைமுறை. எதிர்ப்பு மக்களோடது, இல்லையா? நாங்களா முடிச்சா சர்வாதிகாரம்னு சொல்லுவாங்க. சனிக்கிழமை கூட்டத்துல பாதிக்கு மேல கை தூக்கி, போதும், மூடலாம்னு சொல்லிட்டா போதும். அங்கேயே மூடிடுவோம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதிர்ப்பு இல்ல சார். பந்தல், லாரி எல்லாம் வேற ஏரியாவுக்குப் போயிடும். உங்களை மாதிரி கஷ்டப்படறவங்க எவ்வளவோ பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

*

முதலில் வந்தவர் யக்ஞநாராயணன். அவர் மனைவி அபிதகுஜாம்பாள் கொடுத்தனுப்பிய சம்படத்தில் தயிர்சாதம் இருந்தது. ஹாலில் மாட்டியிருந்த மாளவிகாவின் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"குழந்தை மாதிரி இருப்பா. மனசு ஆறவே இல்லைப்பா."

"சனிக்கிழமை மூடிடுவாங்க சார்."

"மூடணும். கட்டாயம் மூடணும். யார் வேண்டாம்னா? நான் என்ன சொல்றேன்னா, போராட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சா அதை முழுசா நடத்தணும். ஒரு மூடியைக் கண்டதும் விட்டுடறதா? நாளைக்கு ஊர் நம்மளை என்ன சொல்லும்?"

"நாம கேட்டதே மூடிதானே சார்?"

"கோடை முடியட்டும்ப்பா," என்றார் அவர். சம்படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

அப்புறம் காமு வந்தாள். உள்ளே வராமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பா நெனச்சுக்காத. அக்கா என் கண்ணு முன்னாடிதான் வுயுந்துச்சு. நாந்தான் ஓடியாந்து புடவைய அவுத்து வுட்டேன், கைக்கு எட்டல. அன்னிலேர்ந்து அந்தக் குயியாண்ட ஒரு நாயகூட நா வுடறதில்ல. கையில ஒரு கயி வச்சிகினு குந்திகினு கீறேன். நா பாத்துக்கிறேன் சார். மூடி இன்னாத்துக்கு? நாந்தான் கீறேனே."

"மழை வந்தா காமு?"

"மய வந்தா தண்ணி வந்துரும்ல. அப்ப மூடிக்கலாம்."

கடைசியாக ஷம்சாத் வந்தாள். கையில் எதுவும் கொண்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராகச் சொன்னாள்.

"மூடச் சொல்லுங்க தம்பி. யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

ஷ்யாம் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சை முழுதாக விட்டான். "நீங்க கை தூக்குவீங்களாக்கா?"

"முதல் கை என்னுது."

அவள் எழுந்து வாசல்வரை போனாள். அங்கே நின்றாள். செருப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"பச்சப்புள்ளத் துணி தம்பி. ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி அலசுறது. அனம் நாப்பது நாள் முடிச்சு அவ வீட்டுக்குப் போற வரைக்கும்... இல்ல, விடுங்க. நீங்க மூடச் சொல்லுங்க. அல்லா ஒரு வழி காட்டுவான்."

*

சனிக்கிழமை பந்தல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெற்றி விழா என்பதால் மோரோடு கேசரியும் வந்திருந்தது. மூடியின்மேல் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர் கையில் கத்தரிக்கோல்.

"ஜனநாயகத்தில் கடைசி வார்த்தை மக்களுடையது," என்றார் அவர். "அரசு குழியை மூடத் தயார். இதோ மூடி. இதோ ஆட்கள். போதும் என்று நீங்கள் கை உயர்த்தினால் போதும். உங்கள் கையில்தான் எல்லாம் இருக்கிறது."

அவர்கள் கையில் குடம் இருந்தது.

ஷ்யாம் எழுந்து கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தான். பட்டாக்காரர் வானத்தைப் பார்த்தார். யக்ஞநாராயணன் குனிந்து பேனாவைத் தேடினார். ஷம்சாத் பின்வரிசையில் நின்றிருந்தாள். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வலது கை தோள்வரை எழுந்தது. அந்த நேரம் பார்த்து மண்டபத்துத் திருப்பத்தில் லாரியின் ஹாரன் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அனமின் மடியில் வீரிட்டது. எழுந்த கை முக்காட்டைச் சரி செய்தது. பிறகு கீழே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டது.

சந்திரிகா உயர்ந்த கைகளை எண்ணினாள். எண்ண அதிக நேரம் ஆகவில்லை.

"ஒண்ணு," என்றாள்.

"மக்களின் தீர்ப்பை அரசு தலைவணங்கி ஏற்கிறது," என்றார் இயக்குநர். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார். "எதிர்ப்பு தொடரும்!"

இவ்வளவு நாளில் ஷ்யாம் செய்யாத ஒன்றை அப்போது செய்தான். ரோஜாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூடியிடம் ஓடினான். ரிப்பனை இழுத்து அறுத்தான். இரண்டு கையையும் கொடுத்து மூடியைத் தள்ளினான். அது அசையவில்லை. செருப்பை உதறிவிட்டு, காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

"சார், இது அனுமதி வாங்காத செயல்!" என்று சந்திரிகா பதறினாள். "சார், இது எதிர்ப்புல வராது சார்!"

"யாராவது வாங்க," என்று கத்தினான் ஷ்யாம். "ஒரு நாலு பேர் வாங்க. தள்ளினா போயிடும்."

நாலு பேர் வந்தார்கள். ஒருவர் அவன் இடுப்பைப் பிடித்தார். இருவர் கையைப் பிடித்தார்கள். காமு அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றினாள். "வாணா சார், வாணா, நீயும் உள்ள வுயுந்துருவ," என்று அழுதாள். நிஜமாகவே அழுதாள். யாரும் அவனை அடிக்கவில்லை. திட்டவில்லை. புடவைக் கடையில் பட்டுப்புடவையை மடிப்பதுபோல், அவ்வளவு பக்குவமாக மடித்து, நாற்காலியில் கொண்டுபோய் வைத்தார்கள். யாரோ ரோஜாவைத் தேடியெடுத்து மறுபடி குத்தினார்கள். முன்வரிசைப் போலீஸ்காரர் கேசரியை முடித்துவிட்டு விரலை நக்கினார். அவர் எழுந்திருக்க வேண்டிய தேவையே வரவில்லை.

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். "கொஞ்சம் ஹையா இருக்கு. தண்ணி நிறைய குடிங்க," என்றாள்.

லாரி வந்து நின்றது. குழாயைச் சுற்றி எப்போதும்போல் சேறாகிவிட்டது. மூடி கிடந்த இடம் மட்டும் மேடாக, காய்ந்து, வழுக்காமல் இருந்தது. முதலில் காமு அதன்மேல் ஏறி நின்று பிடித்தாள். வசதியாக இருப்பதைக் கண்டு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிப் பிடிக்க ஆரம்பித்தார்கள். யக்ஞநாராயணன் அங்கேயே வரிசையை ஒழுங்கு செய்தார்.

ஷ்யாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலும் தண்ணீர் இல்லை. காலையில் முகம் கழுவியதே பாட்டில் தண்ணீரில். வரிசை தேயத் தேய, எழுந்து வீட்டுக்குப் போனான். சமையலறை மூலையில் மாளவிகா வாங்கிய பச்சைக் குடம் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, வரிசையின் கடைசியில் நின்றான். ஷம்சாத் திரும்பிப் பார்த்தாள். நகர்ந்து, அவனைத் தனக்கு முன்னால் விட்டாள்.

அவன் முறை வந்தபோது முழக்கம் ஆரம்பித்துவிட்டது. ஷ்யாம் மூடியின்மேல் ஏறி நின்று குடத்தைக் குழாயில் பிடித்தான். காலடிக்கு ஒரு முழம் தள்ளிக் குழி திறந்திருந்தது.

"குழியை..." என்றார் இயக்குநர் மைக்கில்.

"மூடு!" என்றது தெரு.

முதன்மை எதிர்ப்பாளர் முழக்கம் போடாமல் நிற்பதைச் சந்திரிகா கவலையோடு பார்த்தாள். லாரிக்காரனும் பார்த்தான். அவன் கை வால்வின்மேல் இருந்தது. குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

"குழியை..."

"மூடு," என்றான் ஷ்யாம்.

காலுக்கடியில் மூடி ஆடவே இல்லை. நல்ல கனமான மூடி.